சவூதியில் இக்காமாவைப் புதுக் கொம்பனிக்கு மாற்ற பழைய கபிலின் சம்மதம் வேண்டுமா?

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. இக்காமா என்பது அங்கே வசித்து வேலை செய்யும் அனுமதி, கபில் என்பது அந்த அனுமதிக்குப் பொறுப்பான முதலாளி. அவருடைய கணவர் றியாத்தில் ஒரு கட்டட வேலைக் கொம்பனியில் எலெக்ட்ரீஷியன். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து மூன்றாவது வருடம் ஓடுகிறது. சம்பளம் இரண்டு மாதம் பாக்கி. தம்மாமில் இன்னொரு கொம்பனி அவரை எடுக்கத் தயார். பழைய கொம்பனியின் ஆபீசில் கேட்டால், "றிலீஸ் தரமாட்டோம், வேண்டுமென்றால் எக்ஸிற் அடிக்கிறோம், ஊருக்குப் போ" என்கிறார்களாம். றிலீஸ் என்பது வேறு முதலாளிக்கு மாற விடும் சம்மதம், எக்ஸிற் என்பது நாட்டை விட்டு இறுதியாகப் போகும் விசா. இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு ஏஜென்ட், ஐந்து லட்சம் தந்தால் றிலீஸ் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நகையை அடைவு வைக்கலாமா, நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் லீவில் வரலாமா என்பதும் அவர் கேட்டது.

தங்கச்சி, முதலில் நகையை வைக்க வேண்டாம்.

காரணம் இதுதான். இக்காமா மாற்றத்துக்கு அரசாங்கம் எடுக்கும் கட்டணம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று: முதல் முறை மாறும்போது 2,000 றியால், இரண்டாம் முறை 4,000, அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 6,000. இதைக் கட்ட வேண்டியவர் தொழிலாளி அல்ல. சவூதி தொழில் சட்டத்தின் 40ஆம் பிரிவு, ஆளை எடுக்கும் புது முதலாளிதான் மாற்றச் செலவைக் கட்ட வேண்டும் என்று சொல்கிறது. இக்காமா, வேலை அனுமதி, அவற்றைப் புதுப்பிக்கும் செலவு எல்லாமும் முதலாளியின் கணக்கில்தான். அப்படியிருக்க, யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஏஜென்டுக்கு எதற்குக் காசு? அவரால் செய்யக்கூடிய வேலை எதுவும் இதில் இல்லை. மாற்றம் முழுவதும் 'கிவா' என்ற அரசாங்கத் தளத்தில்தான் நடக்கிறது. அதில் கை வைக்கக்கூடியவர்கள் பழைய கொம்பனி, புதுக் கொம்பனி, உங்கள் கணவர் ஆகிய மூன்று பேர் மட்டுமே. ஏஜென்ட் உங்கள் கணவரின் இக்காமா நம்பரையும் போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் (ஓரீபீ) கேட்டால், அவர் கணக்குக்குள்ளே நுழையத்தான் கேட்கிறார். கொடுக்கவே கூடாது.

முந்தி நிலைமை வேறு. நான் தம்மாமில் ஒரு கொம்பனியின் நிர்வாகப் பிரிவில் இருந்த காலத்தில், கபில் 'தனாசுல்' என்ற விட்டுக்கொடுப்புக் கடிதம் எழுதி, முத்திரை குத்தித் தந்தால்தான் ஆள் மாறலாம். அந்தக் கடிதத்துக்கு விலை பேசிய முதலாளிகளும் இருந்தார்கள், இடையில் நின்று பங்கு எடுத்த நம்மவர்களும் இருந்தார்கள். ஊரில் இன்றைக்கும் "கபில் மனம் வைத்தால்தான் நடக்கும்" என்று சொல்பவர்கள் அந்தக் காலத்தில் நிற்கிறார்கள். 2021 மார்ச் 14இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சீர்திருத்தம் இதை மாற்றிவிட்டது. ஒப்பந்தம் முடிந்தவர் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே மாறலாம். ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கும்போதும், நாட்டுக்குள் வந்து அந்த முதலாளியிடம் ஒரு வருடம் முடித்தவர், 90 நாள் முன்னறிவித்தல் கொடுத்து மாற வழி இருக்கிறது. ஆனால் இடையில் விட்டுப் போனால் ஒப்பந்தத்தில் எழுதியுள்ள நட்டஈட்டுக்கு அவர் பொறுப்பாகலாம். இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே எல்லாம் தேதிகளில் வந்து நிற்கிறது. கபில் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாம் விஷயம். உங்கள் கணவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கிவாவில் இருக்கும் அவருடைய ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதே. ஊரில் கையெழுத்து வைத்த பேப்பரில் உள்ள தேதி அல்ல, கிவாவில் உள்ளது. பலருக்கு இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. கிவாவில் தனிநபர் கணக்கு திறக்க இக்காமா நம்பரும் 'அப்ஷர்' என்ற உள்துறை அமைச்சுத் தளத்தில் பதிந்த போன் நம்பரும் போதும், காசு இல்லை. உள்ளே போனால் ஒப்பந்தம் முழுதாகத் தெரியும்: தொழிலின் பெயர், அடிப்படைச் சம்பளம், ஆரம்பம், முடிவு, முன்னறிவித்தல் காலம், புதுப்பித்தல் விதி. அதை அப்படியே டவுன்லோட் செய்து உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.

அதில் புதுப்பித்தல் விதியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். "இரண்டு வருடம் முடிந்துவிட்டது, இனி நான் சுதந்திரம்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. பெரும்பாலான ஒப்பந்தங்களில், முடிவதற்கு இத்தனை நாளைக்கு முன் ஒரு தரப்பு எழுத்தில் சொல்லாவிட்டால் தானாக அடுத்த காலத்துக்கு நீளும் என்று இருக்கும். உங்கள் கணவருக்கும் அப்படித்தான் நீண்டிருக்கிறது போல. மூன்றாவது வருடம் ஓடுகிறது என்று சொல்கிறீர்கள், ஆகவே அது ஒரு வருடத்துக்கு நீண்டதா, இன்னும் இரண்டு வருடத்துக்கா என்று பார்க்க வேண்டும். ஒரு வருடம் என்றால் அவருக்கு மிகச் சுத்தமான வழி இருக்கிறது: முன்னறிவித்தல் நாளுக்கு முன்பாகவே 'புதுப்பிக்க விரும்பவில்லை' என்று எழுத்தில் கொடுத்து, முடியும் நாளில் புதுக் கொம்பனிக்கு மாறுவது. சம்மதமும் வேண்டாம், நட்டஈட்டுப் பேச்சும் இல்லை. அறிவித்தலை வாயால் சொன்னால் போதாது. கிவாவிலோ, தேதி தெரியும் ஈமெயிலிலோ போக வேண்டும்.

காசு விஷயத்திலும் அந்தத் தேதி பெரிய வித்தியாசத்தைச் செய்யும். உதாரணத்துக்கு அவருடைய கடைசிச் சம்பளம் 1,800 றியால் என்று வையுங்கள். முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்பது சேவைக்காலக் கொடுப்பனவின் கணக்கு. மூன்று வருடம் முடிந்து, ஒப்பந்தக் காலம் முடிந்ததால் விலகினால் 2,700 றியால் கிடைக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால் தானாக இராஜினாமா செய்தால், இரண்டு முதல் ஐந்து வருடச் சேவைக்குச் சட்டம் தருவது அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 900 றியால். இரண்டு வருடம் முடியாமல் இராஜினாமா செய்பவருக்கு ஒன்றும் இல்லை. எடுக்காத லீவுக்கான காசு இதற்கு வெளியே தனியாக வரும். சில வாரம் பொறுத்தால் கிடைக்கும் காசை, அவசரத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். அதுவும் இங்கே நகை அடைவில் இருக்கும்போது!

சரி, சம்பளப் பாக்கிக்கு வருவோம். தொடர்ச்சியாக மூன்று மாதம் சம்பளம் தராவிட்டால், ஒப்பந்தம் எந்த நிலையில் இருந்தாலும் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமல் மாறலாம். இப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. இதில் ஒரு தந்திரம் உண்டு. விதி தெரிந்த கொம்பனிகள் மூன்றாவது மாதம் முடியும் தறுவாயில் ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் போட்டுவிடும். 'தொடர்ச்சியாக' என்பது அறுந்துவிட்டது என்று வாதாட அவர்களுக்கு அது போதும். அதனால் இதை மட்டும் நம்பி இருக்கச் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கையில் காசாகக் கொடுத்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் வைக்கக் கூடாது.

சம்மதம் தேவைப்படாத வேறு சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. நாட்டுக்குள் வந்து மூன்று மாதத்துக்குள் ஒப்பந்தத்தை முறைப்படி பதியாவிட்டால், இக்காமாவோ வேலை அனுமதியோ காலாவதியானால், முதலாளி சிறையிலோ வெளிநாட்டிலோ இருந்து பொறுப்பெடுக்க ஆள் இல்லாவிட்டால், தொழில் வழக்குக்குக் கூப்பிட்டு இரண்டு தவணைக்கு முதலாளி தரப்பு வராவிட்டால் தொழிலாளி மாறலாம். சவூதி நாட்டவரை எவ்வளவு வேலைக்கு வைத்திருக்கிறது என்று பார்த்துக் கொம்பனிகளை நிறத்தால் பிரிக்கும் 'நிதாகத்' தரவரிசையில் சிவப்பில் விழுந்த கொம்பனி தன் ஆட்களைப் பிடித்து வைக்க முடியாது.

இவற்றில் இக்காமா காலாவதிதான் அடிக்கடி கைகொடுப்பது. கையில் இருக்கும் அட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம், அட்டை ஐந்து வருடத்துக்குச் செல்லும் என்று இருக்கும். உண்மையான முடிவுத் தேதி அப்ஷரில்தான் இருக்கிறது. இப்போது மூன்று மாதத் துண்டுகளாகவும் புதுப்பிக்க விட்டிருக்கிறார்கள். கையில் காசு இல்லாத கொம்பனி மூன்று மூன்று மாதமாக இழுக்கும், ஒரு கட்டத்தில் தவறும். வெளிநாட்டுத் தொழிலாளர் அதிகமாக உள்ள கொம்பனிக்கு ஒரு ஆளுக்கு மாதம் 800 றியால் வரி விழுகிறது, வருடத்துக்கு 9,600. சம்பளமே கொடுக்க முடியாதவன் இதை எப்படிக் கட்டுவான்? ஆகவே வாரத்துக்கு ஒரு தரமாவது அப்ஷரைத் திறந்து பார்ப்பது நல்லது. புதுக் கொம்பனி தயாராக நின்றால், தவறிய உடனேயே விண்ணப்பம் போடலாம்.

அப்ஷரில் பார்க்க இன்னொரு காரணம் 'ஹுரூப்'. கோபத்தில் ஆள் ஓடிவிட்டான் என்று பதிவது பழைய ஆயுதம். இப்போது அது கிவா வழியாக 'வேலைக்கு வராதவர்' என்ற நிலையாக மாறியிருக்கிறது. அப்படி விழுந்தாலும் 60 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் வேறு முதலாளிக்கு மாற வேண்டும் அல்லது நாட்டை விட்டு இறுதியாகப் புறப்பட வேண்டும். 60 நாள் தாண்டினால் நிலைமை பாரதூரமாகும். எனவே றிலீஸ் தகராறு எவ்வளவு முற்றினாலும், மாற்றம் முடியும்வரை அவர் தினமும் வேலைக்குப் போக வேண்டும். போனதற்கு ஆதாரமும் வைத்திருக்க வேண்டும். புதுக் கொம்பனியில் "இப்போதே வந்து தொடங்கு, பேப்பர் பிறகு பார்ப்போம்" என்றால் மறுக்க வேண்டும். இக்காமாவில் உள்ள முதலாளியை விட்டு வேறொருவரிடம் வேலை செய்வது 39ஆம் பிரிவின்படி குற்றம். பிடிபட்டால் நியாயம் எல்லாம் அவர் பக்கம் இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

மாற்றம் நடக்கும் முறை இதுதான். புதுக் கொம்பனி தன் கிவா கணக்கிலிருந்து கோரிக்கையும் புது ஒப்பந்தமும் அனுப்பும். உங்கள் கணவரின் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். அவர் தன் கணக்கில் புகுந்து ஒப்பந்தத்தை வாசித்து ஏற்க வேண்டும். சம்மதம் தேவைப்படும் நிலை என்றால் பழைய கொம்பனிக்கும் போகும். முன்னறிவித்தல் காலம் இருந்தால் அது முடிந்த பிறகு, புதுக் கொம்பனி கட்டணத்தைக் கட்ட, அப்ஷரில் முதலாளியின் பெயர் மாறும். அந்தப் பெயர் மாறிய நாள்தான் புது வேலைக்குப் போகும் நாள். ஏற்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் சம்பளம், தொழில், வேலை இடம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் 2,500 என்று பேசி கிவாவில் 1,500 என்று எழுதுவது நடக்கிறது. பிறகு வழக்கு என்று வந்தால் கிவாவில் உள்ளதுதான் பேசும்.

புதுக் கொம்பனியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டும். நினைத்த கொம்பனி எல்லாம் ஆள் எடுத்துவிட முடியாது. நிதாகத்தில் போதிய நிறத்தில் இருக்க வேண்டும், ஏற்கனவே உள்ளவர்களின் ஒப்பந்தங்களைப் பதிந்திருக்க வேண்டும், சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கும் முறையைப் பின்பற்ற வேண்டும். "சிஸ்டத்தில் பிரச்சினை, அடுத்த வாரம் போடுகிறோம்" என்று மாதக் கணக்கில் சொல்லும் கொம்பனிக்குப் பெரும்பாலும் இந்தத் தகுதிதான் இல்லை. தம்மாம் கொம்பனியில் ஏற்கனவே வேலை செய்யும் இலங்கையர், இந்தியர், நேபாளி யாராவது ஒருவரோடு அவர் நேரில் கதைக்கட்டும். சம்பளம் எத்தனையாம் தேதி விழுகிறது என்ற ஒரு கேள்வியே போதும். அங்கே வேலையே இல்லாமல் பேரளவில் இக்காமா மட்டும் தந்து, "வெளியே எங்கேயாவது செய், மாதம் எனக்கு இவ்வளவு தா" என்று சொல்லும் ஆட்களும் உண்டு. நம்மவர்கள் 'ஃப்ரீ விசா' என்று அழகாகச் சொல்லும் சரக்கு அதுதான். ஒரு கபிலிடமிருந்து தப்பி அப்படியான ஒருவனிடம் போய் விழுவதை விட, இருக்கும் இடத்தில் ஒப்பந்தம் முடியும்வரை பொறுப்பது மேல்.

சம்பளப் பாக்கியை என்ன செய்வது? மாறிப் போனாலும் பாக்கி அழிந்துவிடாது. தொழில் அமைச்சின் சுமுகத் தீர்வுப் பிரிவில் ஒன்லைனில் முறைப்பாடு போடலாம், அமைச்சின் 19911 இலக்கத்திலும் கேட்கலாம். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி 21 வேலை நாளுக்குள் தீர்வு வராவிட்டால் தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். வேலை முடிந்து 12 மாதத்துக்குள் போட வேண்டும், அதற்குப் பிறகு வழக்கு எடுபடுவது கஷ்டம். விலகும்போது "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற அரபுத் தாளை நீட்டுவார்கள். காசு கணக்கில் விழுந்த பிறகு கையெழுத்து, அதற்கு முன் இல்லை. தொழிலாளி தானாக விலகினால் இரண்டு வாரத்துக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

பாஸ்போட்டையும் இப்போதே பாருங்கள். கொம்பனி அதை வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு, பிடித்து வைப்பது அங்கே தடை. காலாவதி நெருங்கினால் றியாத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், புதுப் புத்தகம் கைக்கு வர நாளாகும். வந்த பிறகு புது நம்பரை இக்காமாப் பதிவில் ஏற்ற வேண்டும். இந்தச் சின்ன வேலை செய்யாததால் மாற்றம் இழுபட்டவர்களை எனக்குத் தெரியும்.

நல்லூருக்கு வருவது? என் அபிப்பிராயம், இந்த முறை வேண்டாம். மாற்றம் நடக்கும் நேரத்தில் அவர் சவூதிக்குள் இருக்க வேண்டும். எக்ஸிற் ரீ-என்ட்ரியை (போய்த் திரும்பும் விசா) இப்போது தொழிலாளியே அப்ஷரில் எடுக்கலாம்தான், ஆனால் அவர் ஊரில் இருக்கும்போது பழைய கொம்பனி இக்காமாவைப் புதுப்பிக்காமல் விட்டால் திரும்பிப் போவதே சிக்கலாகும். மாறி முடித்து, புதுக் கொம்பனியின் பெயரில் வரட்டும். வந்தால் திரும்பிப் போகுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பதிவு இரண்டு வருடத்துக்குத்தான். புது முதலாளியின் ஒப்பந்தப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

கொம்பனி சொல்வதுபோல எக்ஸிற் அடித்து வந்து, புது விசாவில் போகலாமே என்றும் சிலர் சொல்வார்கள். போகலாம். ஆனால் மெடிக்கல், விசா, பணியகப் பதிவு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். எலெக்ட்ரீஷியன் போன்ற தொழில்களுக்கு சவூதியின் தொழில் தேர்ச்சிப் பரீட்சையும் இருக்கிறது. அதற்குள் அந்தத் தம்மாம் கொம்பனி வேறு ஆளை எடுத்திருக்கும். எக்ஸிற் அடிக்கிறோம் என்றால் அவர் ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, எழுத்தில் எதுவும் கொடுக்கவும் கூடாது.

சொந்தக்காரர் பலர் கட்டார் அனுபவத்தை வைத்து ஆலோசனை சொல்வார்கள், அதை இங்கே போட்டுக் குழப்ப வேண்டாம். கட்டாரில் 2020 செப்ரெம்பரிலிருந்து என்ஓசி, அதாவது பழைய முதலாளியின் சம்மதக் கடிதம், தேவையில்லை, இரண்டு வருடம் வரை வேலை செய்தவர் ஒரு மாதம், அதற்கு மேல் செய்தவர் இரண்டு மாதம் முன்னறிவித்தல் கொடுத்து மாறுகிறார். சவூதியில் கணக்கு அப்படியல்ல.

வீட்டு டிரைவர், வீட்டுப் பணிப்பெண், தோட்டக்காரர் என்று தனிநபர் கபிலிடம் போனவர்களுக்கு நான் மேலே சொன்ன பெரும்பகுதி பொருந்தாது. 2021 சீர்திருத்தம் அவர்களைச் சேர்க்கவில்லை, அவர்களின் மாற்றம் 'முசானத்' தளத்தில் வேறு விதிகளின்படி நடக்கிறது. அப்படி யாராவது வீட்டில் இருந்தால், விசாவில் உள்ள தொழிலின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு பணியகத்தின் 1989க்கு அழையுங்கள், அல்லது உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். றியாத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கு முறைப்பாட்டை அனுப்ப அங்கிருந்தே வழி செய்யலாம்.